குரல் ஒத்துப்போகவில்லை

கம்ப்யூட்டரும் கூசாமல் பொய் சொல்லும் என்று கண்ணாடிக்காரருக்கு அதுவரை தெரியாது. பொத்தானை அமுக்கினார், தட்டு வெளியே வந்தது. டிஸ்க்கை வைத்தார், தட்டு உள்ளே போனது. வயிற்றுக்குள் கிர்ர் கிர்ர் என்று கொஞ்ச நேரம் உருண்டது. அப்புறம் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி திரையில் ஒரு வாசகம் வந்து நின்றது: "டிஸ்க் இல்லை. டிஸ்க்கைப் போடவும்."

"கண்ணெதிர்ல முழுங்கிட்டு இல்லைங்குது பாரு" என்றார் மனைவியிடம்.

மனைவி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஓர் ஊது ஊதினார். நீளமாக ஊதினால் முட்டாள்தனம் என்று அர்த்தம். முட்டாள் கம்ப்யூட்டரா தானா என்று கண்ணாடிக்காரர் கேட்டுக்கொள்ளவில்லை.

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க விசில் வாங்காத விளையாட்டு டீச்சர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "ஓடு!" என்று ஒரு சத்தம் போட்டால், அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளை மட்டுமல்ல, வெளியே தெருவில் சிவனே என்று போகிறவரும் நாலு எட்டு ஓடிவிட்டு, நாம் எதற்கு ஓடினோம் என்று நின்று யோசிப்பார். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. கட்டியை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார் டாக்டர். உயிர் தங்கியது, மூச்சு வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று கண்டிப்பு வேறு. ஊதக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது டீச்சரின் கட்சி. கூட வேலை பார்த்தவர்கள் வழியனுப்பும்போது வேடிக்கையாகக் கொடுத்த விசில்தான் இப்போது வீட்டை ஆண்டது. ஒரு முறை ஊதினால் இங்கே வாருங்கள். இரண்டு முறை என்றால் தேநீர்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் டீச்சரின் குரலைப் பதிவு செய்து ஒரு டிஸ்க்கில் கொடுத்திருந்தார்கள். பின்னால் உதவும் என்றார்கள். அந்த ஒரு பிரதிதான். குரல் நன்றாக இருக்கும்போது அதை யார் பிடித்து வைக்கிறார்கள்? டிஸ்க்கை அலமாரியில் வைத்த இருவருக்கும் அதைத் தொடவே பல மாதம் தைரியம் வரவில்லை.

கண்ணாடிக்காரரை டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடி வெட்டுகிறவர் என்பதால் 'சில்லு' என்று கல்யாணமான புதிதில் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுத்து மேலே ஏற்றி 'சில்லூ' என்பார். பட்டறையில் கண்ணாடி அறுபடும் சத்தத்தைத் தாண்டி அது வந்து காதைப் பிடித்து இழுத்துப் போகும். சமீபத்தில் ஒரு நாள் காலை, வேலைக்கு நடுவே, அதை மனசுக்குள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வார்த்தை வந்தது. குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் விசில்தான் வந்தது. இத்தனை வருஷம் கேட்ட குரல் தன் மண்டையிலிருந்து எப்போது கிளம்பிப் போனது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கோணலாக வெட்டிவிட்டு, பட்டறையைச் சாத்திவிட்டு வந்து டிஸ்க்கை எடுத்தார். அதைத்தான் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டு இல்லை என்றது.

கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்கு உதவி மையம் என்று எதுவும் கிடையாது. உதவி என்ற சொல் வாடிக்கையாளரின் மனதைப் புண்படுத்துகிறது என்று யாரோ கண்டுபிடித்து, 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். போனை எடுக்கிறவர் மகிழ்ச்சி அலுவலர். அவருக்கு மேலே மூத்த மகிழ்ச்சி அலுவலர். எல்லாருக்கும் மேலே மகிழ்ச்சி இயக்குனர். கண்ணாடிக்காரர் டயல் செய்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. பிறகு ஒரு பாட்டைப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் அதே பாட்டைப் போட்டார்கள்.

"வணக்கம் சார். இன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்றார் மகிழ்ச்சி அலுவலர்.

"டிஸ்க் ஓட மாட்டேங்குது."

"ரொம்ப நல்லது சார். கம்ப்யூட்டர் உங்க வீட்லதானே இருக்கு?"

"எதிர்லயே இருக்கு."

"கரண்ட் வருதா?"

"திரையில எழுத்தே வருதுங்க. டிஸ்க் இல்லைன்னு வருது."

"அப்ப டிஸ்க் போடலைன்னு அர்த்தம் சார். போடுங்க."

"போட்டிருக்கேன்."

"எங்க கம்ப்யூட்டர் இல்லைன்னு சொல்லுதே சார்" என்றார் அலுவலர் வருத்தத்தோடு. வாடிக்கையாளர், கம்ப்யூட்டர் இரண்டு பேரில் யாரை நம்புவது என்ற குழப்பம் அவருக்கு இருந்த மாதிரி தெரியவில்லை.

அணைக்கச் சொன்னார், அணைத்தார். போடச் சொன்னார், போட்டார். டிஸ்க்கைத் துடைக்கச் சொன்னார். கண்ணாடிக்காரருக்கா துடைக்கச் சொல்லித்தர வேண்டும்? விளிம்பில் பிடித்து, மெல்லிய துணியால், நடுவிலிருந்து வெளியே துடைத்தார். வேறு டிஸ்க் போட்டுப் பார்க்கச் சொன்னார். பாட்டு டிஸ்க் ஒன்றைப் போட்டார். கம்ப்யூட்டர் அதையும் விழுங்கிவிட்டு இல்லை என்றது.

"வாழ்த்துகள் சார். உங்க டிஸ்க்ல தப்பில்லை. டிஸ்க் படிக்கற பாகத்துலதான் தப்பு. அதைச் சரிபண்ண எங்க கிட்ட அருமையான புரோகிராம் இருக்கு."

"அதைக் குடுங்களேன்."

"கம்ப்யூட்டர் வாங்கினப்பவே குடுத்துட்டோம் சார். கூட ஒரு டிஸ்க் வந்திருக்குமே, அதுலதான் இருக்கு. போடுங்க."

கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "டிஸ்க் போட்டா படிக்கலைன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"படிக்கலைன்னா கவலையே படாதீங்க சார். அதுக்குத்தான் அந்தப் புரோகிராம்."

பின்னாலிருந்து நீளமாக விசில் வந்தது.

"பக்கத்துல டிராபிக் போலீஸ் யாராவது இருக்காங்களா சார்?"

"என் வீட்டுக்காரம்மா."

"ரொம்ப நல்லது சார். பிரச்சினை வந்த டிஸ்க்கையே திரும்பப் போடுங்க. புகார் பதிவு பண்ணிடறேன். கீபோர்டுல நான் சொல்ற மூணு கட்டையை ஒண்ணா அமுக்குங்க."

அமுக்கினார். கம்ப்யூட்டருக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் தட்டுப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கியும் தட்டு வெளியே வரவில்லை.

"என்னங்க சத்தம் அது?"

"தட்டு பூட்டிக்கிச்சு சார். புகார் முடியற வரைக்கும் தடயத்தை யாரும் கலைச்சிடக் கூடாதில்லையா?"

"ஐயோ, என் டிஸ்க் உள்ள இருக்குங்க!"

"அதான் சார் தடயம்" என்றார் அலுவலர். வேறு ஏதாவது மகிழ்ச்சி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவார். கம்ப்யூட்டரைத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். ஒரு கட்டத்தில் திருப்புளியோடு வந்து நின்றார். டீச்சர் ஊதிய ஊதில் அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடியது. முன்பொரு தடவை கண்ணாடிக்காரர் ரிப்பேர் பார்த்த சுவர்க் கடிகாரம் இன்னும் துணிப்பையில்தான் கிடக்கிறது.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ரிப்பேர்க்காரரிடம் போனார். அவர் பின்பக்கம் ஒட்டியிருந்த கம்பெனி சீலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, இந்த சீலைக் கிழிச்சா உள்ள இருக்கற டிஸ்க்கைக் கீறிவிடற மாதிரி ஏதோ வெச்சிருக்கான்னு பேசிக்கறாங்க. நெஜமா பொய்யா தெரியாது. சினிமா டிஸ்க்குன்னா துணிஞ்சு பார்த்துடலாம். இது அண்ணியோட குரல்ங்கறீங்க. எனக்குக் கை வரல."

கண்ணாடிக்காரருக்கும் துணிச்சல் வரவில்லை. பெட்டியைக் கண்ணாடி ஏற்றும் வண்டியில் வைத்து, சுற்றிலும் சாக்கைத் திணித்து, நேராக மகிழ்ச்சி மையத்துக்கே தள்ளிக்கொண்டு போனார். வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு. அவரே வெட்டிப் பொருத்திய கதவுதான். உள்ளே சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள். ஒரு தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அலுவலர்கள் காதில் கருவி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நேர்ல வர்றவங்களுக்கு இங்க மகிழ்ச்சி கிடையாது சார். போன்ல மட்டும்தான்."

"வந்துட்டேனேம்மா."

"அதனால என்ன சார், அதோ போன் இருக்கு. கூப்பிடுங்க."

கூடத்தின் ஓரத்தில் சுவரில் ஒரு போன் இருந்தது, அதன் கீழே ஒரு நாற்காலி. கண்ணாடிக்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டயல் செய்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். பாட்டு. தடுப்புக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஒரு மூத்த மகிழ்ச்சி அலுவலர் பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் தட்டிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார்.

"வணக்கம் சார். இன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?"

"நான் உங்க எதிர்லதாங்க இருக்கேன்" என்றார் கண்ணாடிக்காரர், கையை ஆட்டினார்.

அலுவலர் நிமிரவில்லை. "பெட்டியில சீல் உடையாம இருக்கா சார்?"

கண்ணாடிக்காரர் பெட்டியைத் தூக்கித் திருப்பி, தடுப்புக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். "நீங்களே பாருங்க."

"எப்படி சார் பார்க்க முடியும்? நான் போன்ல இருக்கேன்" என்றார் அலுவலர்.

சீல் உடையவில்லை என்று கண்ணாடிக்காரர் வாயால் சொன்ன பிறகு அலுவலருக்குத் திருப்தி வந்தது. தட்டைத் திறக்க உத்தரவிடும் அதிகாரம் மகிழ்ச்சி இயக்குனருக்குத்தான் உண்டு, அவரே வீட்டுக்குப் போன் செய்வார், போய்க் காத்திருங்கள் என்றார். கண்ணாடிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். போகும்போது இருந்ததைவிடப் பெட்டி கனத்தது.

காத்திருந்தார். பட்டறைக்குப் போனால் போன் வந்துவிடுமோ என்று வீட்டிலேயே இருந்தார். குளிக்கப் போனால் கதவைத் திறந்துவைத்துக் குளித்தார். கடைசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. மகிழ்ச்சி இயக்குனர் பேசினார். மேடையில் மாலையோடு நிற்கிறவர் மாதிரி பேசினார்.

"சார், எங்க மையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து புகார் முடிஞ்ச ஒரு வாடிக்கையாளர்கூட அதிருப்தியா இருந்ததில்ல. ஏன் தெரியுமா? அதிருப்தியா இருக்கறவங்க புகாரை நாங்க முடிக்கறதே இல்ல. அவ்வளவு பொறுப்பா இருக்கோம்."

"தட்டைத் திறந்துவிடுங்க ஐயா. வேற எதுவும் வேணாம்."

"தாராளமா. உரிமையாளர் தன் குரல்ல 'ஆமாம், நான்தான்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும், திறக்கறதுக்கான கட்டையைச் சொல்லிடறேன். கம்ப்யூட்டர் உங்க மனைவி பேர்ல இருக்கு. அவங்களைப் பேசச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"அவங்களால பேச முடியாதுங்க. ஆபரேஷன்ல குரல் போயிடுச்சு."

"ரொம்ப வருத்தம் சார். ஆனா குரல் இல்லாதவங்களையும் நாங்க ஒதுக்கறதில்ல. அவங்களுக்குன்னே தனி நம்பர் இருக்கு. அதுக்கு அவங்களே போன் பண்ணி, தன்னால பேச முடியாதுன்னு சொல்லணும்."

"யார் சொல்லணும்?"

"பேச முடியாதவங்கதான் சார். வேற யார் சொன்னாலும் எப்படி நம்பறது?"

டீச்சர் வந்து போனைப் பிடுங்கி, ஓங்கி ஒரு முறை ஊதினார். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது.

"அவங்கதாங்க" என்றார் கண்ணாடிக்காரர், போனை வாங்கி. "ஆமான்னு சொல்றாங்க."

"விசிலை எங்க விதிமுறை ஒத்துக்காது சார். விசில் யார் வேணா ஊதலாம்."

"ஐயா, அவ குரல் அந்த டிஸ்க்லதான் இருக்கு! நீங்க தட்டைத் திறந்தா எங்கயாவது எடுத்துட்டுப்போய் ஓட்டி, போன்லயே கேட்க வெக்கறேன். நீங்களே ஒத்துப் பாருங்க."

"நல்ல யோசனை சார். முதல்ல ஓட்டிக் காட்டுங்க, உடனே திறக்கறேன்."

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் யாரையும் திட்டாத மனுஷன், திட்டுவதற்கு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அந்த இடைவெளியில் இயக்குனர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசி வாய்ப்பா குரல் ஒப்பீடு நடத்திடலாம் சார். எங்களுக்கு வர்ற எல்லா அழைப்பையும் தர மேம்பாட்டுக்காகப் பதிவு பண்ணி வெக்கறோம். கம்ப்யூட்டர் வாங்கின புதுசுல உங்க மனைவி ஒரு தடவை கூப்பிட்டிருக்காங்க. அதுதான் எங்க கிட்ட இருக்கற மாதிரிக் குரல். எந்தக் குரலோட ஒத்துப்பார்க்கறோம்னு வாடிக்கையாளருக்கு ஒளிவுமறைவில்லாம போட்டுக் காட்டறது எங்க கொள்கை. கேளுங்க. முடிஞ்சதும் அவங்க அதே குரல்ல பேசணும்."

கரகரவென்று சத்தம் வந்தது. கண்ணாடிக்காரர் டீச்சரைக் கிட்டே இழுத்தார். ஒரு போனில் இரண்டு காதுகள் ஒட்டின.

"ஹலோ! எவ்வளவு நேரமா இந்த ஒரே பாட்டைக் கேட்டுட்டு நிக்கறது? இது கம்பெனியா, கச்சேரியா? இங்க பாருங்க, நீங்க குடுத்த பெட்டியில தட்டு பாதி வந்து நாக்கைத் தொங்கப்போட்டுட்டு நிக்குது. உள்ளயும் போகல, வெளியயும் வரல. என்னது? சந்தோஷமா இருக்கேனாவா? என் பசங்க எவனாவது இப்படிக் கேட்டிருந்தா மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டிருப்பேன்! இருங்க, இருங்க. சில்லூ! சில்லூ! அந்தக் கண்ணாடி எங்கயும் ஓடிடாது, வாங்க இங்க! வந்து இந்த ஆளுகிட்ட நீங்களே பேசுங்க. கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு!"

பதிவு அத்தோடு நின்றது.

கண்ணாடிக்காரர் அசையவில்லை. மண்டைக்குள் காலியாகக் கிடந்த இடத்தில் அந்தக் குரல் வந்து, பழைய நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. டீச்சர் தன் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிரிப்பா அழுகையா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

"இப்ப மேடம் பேசலாம்" என்றார் இயக்குனர். காத்திருந்தார். "பதில் இல்ல. குரல் ஒத்துப்போகவில்லை. ஆக, புகார் குடுத்தவங்க எங்க வாடிக்கையாளரே இல்லைன்னு ஆகுது. வாடிக்கையாளரே இல்லாததால அதிருப்தியும் இல்ல. புகார் மகிழ்ச்சியோட முடிஞ்சுது சார். இனி தடயம் தேவையில்ல. நான் சொல்ற கட்டையை அமுக்குங்க."

"ஐயா, ஐயா, வெச்சிடாதீங்க! அதை இன்னொரு தடவை போடுங்க!"

"முடிஞ்ச புகாரை எப்படி சார் திறக்கறது? கட்டையை அமுக்குங்க."

அமுக்கினார். டக் என்றது. தட்டு தானாக, மரியாதையாக, டிஸ்க்கை ஏந்திக்கொண்டு வெளியே வந்தது.

இருவரும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ரிப்பேர்க்காரர் கடைக்கு ஓடினார்கள். அவர் தன் கம்ப்யூட்டரில் போட்டதும் டிஸ்க் உடனே ஓடியது. "அ… ஆ… இ… ஈ…" என்றது ஓர் அடக்கமான குரல். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணியது. "இன்று வானம் தெளிவாக இருக்கிறது. மேசையின் மேல் ஒரு புத்தகம் இருக்கிறது" என்றது. ஆஸ்பத்திரியில் படிக்கச் சொல்லிக் கொடுத்ததை, வேலைக்கு நேர்காணல் வந்தவர் மாதிரி பயந்து பயந்து படித்திருந்தார் டீச்சர். பதிவு செய்த மறுநாள் ஆபரேஷன். பயப்படாமல் என்ன செய்வார்? டீச்சரின் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாள் யாரையும் சில்லு என்று கூப்பிடுகிறவராகத் தெரியவில்லை. எண்ணிக்கை எண்பதைத் தாண்டும்போதே டீச்சர் இரண்டு தடவை ஊதினார். மூவரும் தேநீர் குடித்தார்கள்.

"டிஸ்க் நல்லாத்தானே ஓடுது? ஏன் அண்ணே முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் ரிப்பேர்க்காரர்.

கண்ணாடிக்காரர் டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வேகமாக நடந்தார். வந்ததும் பாட்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்குள் வைத்து மூடிவிட்டுப் போனை எடுத்தார்.

அன்றிலிருந்து வாராவாரம் ஒரு மத்தியானம் கண்ணாடிக்காரர் புகார் செய்கிறார். கரண்ட் வருகிறது என்கிறார். துடைத்துவிட்டேன் என்கிறார். உரிமையாளரால் பேச முடியாது என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். எந்தப் படியையும் தாண்டிக் குதிப்பதில்லை, கோபப்படுவதில்லை, பாட்டு வந்தால் கூடவே முணுமுணுக்கிறார். முறைகளை இவ்வளவு மதிக்கிற வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்று மகிழ்ச்சி மையம் அவருடைய சிரிக்கிற படத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறது. குரல் ஒவ்வொரு தடவையும் ஒத்துப்போகவில்லை. புகார் ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சியோடு முடிகிறது.

போன வாரமும் அப்படித்தான் குரல் ஒப்பீடு வரைக்கும் வந்தார்கள். பட்டறையில் காலையிலிருந்து ஓயாத வேலை, கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் கண் அசந்துவிட்டது. காதில் போன், தோளில் டீச்சரின் தலை. கரகரவென்றது. ஹலோ என்றது, திட்டியது, பசங்களை ஓடவிட்டது. "சில்லூ! சில்லூ! அந்தக் கண்ணாடி எங்கயும் ஓடிடாது, வாங்க இங்க!"

"இதோ வந்துட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்தப் பக்கம் மகிழ்ச்சி இயக்குனர் பதறிப்போனார்.

"வேண்டாம் சார், வராதீங்க! நேர்ல வர்றவங்களுக்கு இங்க மகிழ்ச்சி கிடையாது."